இரண்டு கிராபிக்ஸ் கார்டு போட்டால் வேகம் இரட்டிப்பாகுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேபினட்டைத் திறந்து பார்த்தால், பல மதர்போர்டுகளில் இரண்டு நீளமான ஸ்லாட்கள் இருப்பதைக் காணலாம். உடனே ஓர் ஆசை வரும். இன்னொரு கிராபிக்ஸ் கார்டையும் செருகிவிட்டால் கேம்ஸ் இரண்டு மடங்கு வேகமாக ஓடுமே! எனக்கும் அந்த ஆசை வந்ததுண்டு. பர்ஸைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இந்த ஸ்லாட்டின் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ். இதில் டேட்டா செல்லும் ஒவ்வொரு பாதையையும் லேன் என்பார்கள். ஒரு விநாடியில் எவ்வளவு டேட்டா செல்ல முடியும் என்பதுதான் பேண்ட்வித். 2003ல் வந்த முதல் பதிப்பில் ஒரு லேனுக்கு 250 மெகாபைட். 16 லேனுக்கு 4 ஜிகாபைட். 2010ல் வந்த மூன்றாம் பதிப்பில் 16 லேனுக்கு ஏறத்தாழ 16 ஜிகாபைட். 2017ல் வந்த நான்காம் பதிப்பில் அதுவும் இரு மடங்கானது.

ஸ்லாட்டின் நீளத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வீடுகளில் உள்ள ப்ராசசர்களில் பெரும்பாலானவை கிராபிக்ஸ் கார்டுக்கென 16 லேன்களைத்தான் தருகின்றன. விலை கூடிய சில போர்டுகளில், இரண்டு கார்டு போட்டால் இது எட்டு எட்டாகப் பிரியும். மற்றவற்றில் இரண்டாவது ஸ்லாட் பார்க்கத்தான் நீளம். உள்ளே பெரும்பாலும் 4 லேன் அல்லது அதற்கும் குறைவு. அதுவும் ப்ராசசருக்கு நேராகப் போகாமல் சிப்செட் வழியாகச் சுற்றிப் போகும். டிஸ்க், யுஎஸ்பி, நெட்வொர்க் எல்லாம் அதே வழியில்தான் வருகின்றன.

16 லேன் 8 ஆனால் வேகம் பாதியாகிவிடுமா? ஆகாது. கேமுக்குத் தேவையான படங்கள் முன்கூட்டியே கார்டின் சொந்த மெமரிக்குப் போய்விடும். பிறகு ஸ்லாட் வழியே போவது பெரும்பாலும் கட்டளைகள்தான். 2004ல் வந்த ஜிபோர்ஸ் 6800 அல்ட்ரா கார்டின் மெமரி விநாடிக்கு 35 ஜிகாபைட் வேகத்தில் இயங்கியது. ஸ்லாட்டோ 4 ஜிகாபைட்தான். ஆனாலும் கேம்ஸ் நன்றாகவே ஓடின.

அந்த மெமரி நிரம்பி வழிந்தால்தான் தொல்லை. 2022ல் வந்த ரேடியான் 6500 எக்ஸ்டி கார்டில் மெமரி 4 ஜிகாபைட், லேன்கள் நான்கே. நான்காம் பதிப்பு போர்டில் ஓரளவு சமாளித்த இந்தக் கார்டு, மூன்றாம் பதிப்பு போர்டில் பாதை பாதியானதும் பல கேம்களில் தடுமாறியது.

சரி, இரண்டு கார்டு விஷயத்துக்கு வருவோம். 2004ல் என்விடியா எஸ்எல்ஐ முறையையும், 2005ல் ஏடிஐ கிராஸ்பயர் முறையையும் கொண்டுவந்தன. பெரும்பாலும் ஒரு பிரேமை ஒரு கார்டும் அடுத்ததை இன்னொரு கார்டும் வரையும். இரண்டாவது கார்டு வரைந்த பிரேம், மானிட்டர் இணைந்துள்ள முதல் கார்டுக்கு வந்து சேர வேண்டும். இதற்கெனத் தனியாக ஒரு பிரிட்ஜ் இருந்தது. 2013ல் வந்த ரேடியான் ஆர்9 290எக்ஸ் கார்டில் பிரிட்ஜ் கிடையாது. எல்லாமே ஸ்லாட் வழிதான். எஸ்எல்ஐக்கு ஒவ்வொரு கார்டுக்கும் குறைந்தது 8 லேன் வேண்டும் என்று என்விடியா கண்டிப்பாக இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 4 ஜிகாபைட் கார்டு இரண்டு போட்டால் 8 ஜிகாபைட் ஆகாது. ஒரே படங்கள் இரண்டிலும் இருக்க வேண்டுமே! பின்னாளில் வந்த கேம்களோ, முந்தைய பிரேமைப் பார்த்து அடுத்ததை வரையத் தொடங்கின. அதனால் ஒரு கார்டு மற்றதற்காகக் காத்து நின்றது. 2021 முதல் என்விடியா பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ புரொபைல்கள் தருவதை நிறுத்தியது. 2022ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090ல் இணைப்பதற்கான இடமே இல்லை. ஆகவே இன்றைய கேம்களுக்காக இரண்டாவது கார்டு வாங்க வேண்டாம். இரண்டின் விலையையும் சேர்த்து ஒரே நல்ல கார்டாக வாங்குங்கள்.

ஒற்றைக் கார்டிலும் இந்த லேன் விஷயம் காலை வாரும். காற்றோட்டம் கிடைக்கட்டும் என்று ஒருமுறை என் கார்டைக் கீழ் ஸ்லாட்டில் பொருத்தினேன். பெரிய கேம்களில் காட்சி விட்டு விட்டு ஓடியது. டிரைவரைச் சந்தேகித்து விண்டோஸையே இரண்டு முறை புதிதாக இன்ஸ்டால் செய்தேன். கடைசியில் ஜிபியு-இசட் என்ற இலவச புரோகிராமை இயக்கியபோதுதான் 4 லேன் என்பது தெரிந்தது. அதில் பஸ் இன்டர்பேஸ் என்ற வரியைப் பாருங்கள். கார்டு சும்மா இருக்கும்போது வேகத்தைக் குறைத்துக் காட்டும். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி, சோதனையை ஓடவிட்டுப் பிறகு பாருங்கள். மேல் ஸ்லாட்டில் இருந்தும் 16க்குப் பதில் 8 என்று காட்டினால், போர்டுடன் வந்த மேனுவலைப் புரட்டுங்கள். சில போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் லேன்கள் அங்கே போய்விடும். எஸ்எஸ்டியை வேறு எம்.2 ஸ்லாட்டுக்கு மாற்றினால் போதும்.