போதகர் யாரிடம் சொல்வார்?

அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கப்படும் சபைக்குப் பெரும்பாலும் சொந்தக் கட்டடம் இருப்பதில்லை. ஞாயிறு காலைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட அரங்கமோ திரையரங்கமோதான் ஆலயம். ஒலிபெருக்கி, மடக்கு நாற்காலி, பிள்ளைகள் வகுப்புக்கான விரிப்பு, வாசலில் நிறுத்தும் பெயர்ப்பலகை எல்லாம் ஓர் இழுவை வண்டியில் வந்து இறங்கும். விடிந்தும் விடியாததுமாக நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து அவற்றை எடுத்து வைக்கும். ஆராதனை முடிந்ததும் மதியத்துக்குள் அத்தனையும் மறுபடி வண்டியேறிவிடும். போதகரின் சம்பளத்துக்கும் இதே நிலைதான். தாய்ச்சபை கொஞ்சம், சபைகளை நிறுவும் வலையமைப்பு கொஞ்சம், தெரிந்த நண்பர்கள் கொஞ்சம் என்று முதல் சில ஆண்டுகளுக்கு உதவி கிடைக்கும். ஆண்டுக்கு ஆண்டு அது குறைந்துகொண்டே வரும். அதற்குள் விசுவாசிகளின் காணிக்கை அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்தச் சபைகள் கூடுமிடத்தை இழந்தன. காணிக்கைத் தட்டு கைமாறுவதும் நின்றது. நூறாண்டுக் கட்டடமும் வைப்புநிதியும் உள்ள திருச்சபைகள் தாங்கிக்கொண்ட அடியை, இரண்டு வயதுச் சபையும் அதன் இளம் போதகரும் வெறும் கையோடு வாங்கினார்கள்.

இத்தகைய போதகர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்றுவித்து, பணமும் வழிகாட்டுதலும் கொடுத்து அனுப்பும் அமைப்புகள் அங்கே பல உண்டு. 1998இல் தொடங்கிய ‘ஆக்ட்ஸ் 29’ ஒன்று. தெற்கு பாப்திஸ்து சபைகளின் வட அமெரிக்க மிஷன் வாரியம் நடத்தும் ‘சென்ட் நெட்வொர்க்’ மற்றொன்று. நியூயார்க்கில் டிம் கெல்லர் தொடங்கிய ‘சிட்டி டு சிட்டி’ இன்னொன்று. பெருந்தொற்றுக் காலத்தில் இப்படிப்பட்ட அமைப்புகள் போதகர்களைத் தாங்க நினைத்தபோது முதலில் கைக்குக் கிடைத்தவை காணொளிக் கூட்டங்களும் வழிகாட்டிக் குறிப்புகளும்தான். ஆராதனையை எப்படி நேரலையில் ஒளிபரப்புவது, இணையத்தில் எப்படிக் காணிக்கை பெறுவது என்பதெல்லாம் அந்த நேரத்துக்குத் தேவையான உதவிகளே. ஆனால் போதகரைத் தாங்குவது என்பதன் நடுப்புள்ளி அது அல்ல என்பது என் கருத்து. பணத்தைக் கையில் வைத்திருப்பவரிடமும் மதிப்பெண் போடுபவரிடமும் ஒரு மனிதர் தன் சோர்வை முழுதாகச் சொல்லமாட்டார். கண்காணிப்பையும் ஆதரவையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்த அமைப்பு, எத்தனை கூட்டம் போட்டாலும் தன் ஊழியரின் உண்மை நிலையை அறியாமலே இருந்துவிடும்.

அந்த மாதங்களில் போதகரின் தோளில் ஏறிய சுமை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். 2020 மார்ச் 10ஆம் தேதி மாலை, வாஷிங்டன் மாநிலத்தின் மவுண்ட் வெர்னன் நகரில், ஒரு பிரஸ்பிடேரியன் ஆலயக் கட்டடத்தில் ஊர்ப் பாடகர் குழு ஒன்று இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. 61 பேர் வந்திருந்தார்கள். நெருக்கமாகப் போட்ட நாற்காலிகளில் அமர்ந்து பாடினார்கள், இடைவேளையில் தின்பண்டம் பகிர்ந்துகொண்டார்கள், முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவிட்டு வீடு திரும்பினார்கள். அவர்களில் ஒருவருக்கு ஏற்கெனவே அறிகுறிகள் இருந்தன. சோதனையில் உறுதியானவர்களையும் அறிகுறி கண்டவர்களையும் சேர்த்து 53 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதை ஆராய்ந்து மே மாதம் வெளியிட்ட அறிக்கையைப் படித்த எந்தப் போதகரும் அதற்குப் பின் ஒரு பாட்டை அறிவிக்கும்போது தயங்காமல் இருந்திருக்க முடியாது. சேர்ந்து பாடுவது கிறிஸ்தவ ஆராதனையின் உயிர். அது ஆளைக் கொல்லக்கூடும் என்ற நிலையில், பாடலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் பொறுப்பு நாற்பது, ஐம்பது பேர் கொண்ட சபையின் போதகருக்கு வந்து சேர்ந்தது. சட்டமும் உதவவில்லை. 2020 மே மாத இறுதியில் கலிபோர்னியாவின் வழிபாட்டுக் கட்டுப்பாடுகளில் தலையிட மறுத்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், அதே ஆண்டு நவம்பர் 25இல் நியூயார்க்கின் கட்டுப்பாடுகளை நிறுத்திவைத்தது. இரண்டுமே ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்புகள். நீதிபதிகளே ஏறத்தாழ பாதிக்குப் பாதி பிரிந்து நின்ற கேள்வியில், முகக்கவசம் கட்டாயம் என்றால் ஒரு பாதி விசுவாசிகளும் கட்டாயமில்லை என்றால் மறுபாதியும் விலகிப் போவார்கள் என்ற பயத்தோடு போதகர் ஒவ்வொரு சனிக்கிழமையும் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

பார்னா ஆய்வு நிறுவனம் அமெரிக்க புராட்டஸ்டண்ட் போதகர்களிடம் தொடர்ந்து கேட்டுவந்த ஒரு கேள்வி, கடந்த ஓராண்டில் முழுநேர ஊழியத்தை விட்டுவிட நினைத்ததுண்டா என்பது. 2021 ஜனவரியில் 29 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அது 38 சதவீதமானது, 2022 மார்ச்சில் 42 சதவீதம். கவனிக்க வேண்டியது, தொற்றின் முதல் ஆண்டு கடந்த பிறகும் இந்த எண் ஏறிக்கொண்டே போனதுதான். விட நினைத்தவர்கள் சொன்ன காரணங்களில் முதலில் நின்றது வேலையின் பெரும் மன அழுத்தம், 56 சதவீதம். அடுத்து தனிமை, 43 சதவீதம். அரசியல் பிளவுகள் அதற்கும் பின்னால்தான் வருகின்றன. நினைப்பது வேறு, விடுவது வேறு என்று ஒருவர் மறுக்கலாம், அதில் நியாயமும் உண்டு. லைஃப்வே ஆய்வு நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி உண்மையில் ஊழியத்தை விட்டு விலகிய போதகர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 சதவீதம்தான். பெருந்தொற்று அதைப் பெரிதாக உயர்த்திவிடவில்லை. ஆனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் கவலை குறைவதில்லை, கூடுகிறது. போய்விடலாமா என்று நினைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் போகவில்லை. அந்த நினைப்போடேயே ஞாயிறுதோறும் பிரசங்கித்தார்கள், அடக்க ஆராதனை நடத்தினார்கள். எத்தனை பேர் விலகினார்கள் என்று மட்டும் எண்ணும் வலையமைப்புக்கு எல்லாம் நலமாகவே தெரியும். விட நினைத்தவர்களில் நூற்றுக்கு 43 பேர் தனிமையைக் காரணம் காட்டியது தகவல் தொடர்பு இல்லாததால் அல்ல. காணொளி அழைப்புகள் அவ்வளவு மலிந்த காலம் அதற்கு முன் இருந்ததில்லை. பேச ஆள் இருந்தது, மனம் திறந்து பேசத்தக்க ஆள் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஆக்ட்ஸ் 29 அமைப்பின் வரலாறே ஒரு சான்று தருகிறது. 2020 பிப்ரவரியில், தொற்று அமெரிக்காவைப் பூட்டுவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, சுமார் 800 சபைகள் கொண்ட அந்த அமைப்பின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் டிம்மிஸ், தலைமைப் பொறுப்பை அடக்குமுறையாகப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டுகளைத் தொடர்ந்து அப்பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். இதே போன்ற முறையீட்டை அமைப்பின் ஊழியர்கள் சிலர் 2015லேயே எழுத்தில் கொடுத்திருந்தார்கள் என்று ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழ் செய்தி வெளியிட்டது. தனிமனிதர் ஒருவரின் குற்றத்தை ஆராய்வது என் நோக்கமல்ல. ஒரு முறையீடு வெளியே வர ஐந்தாண்டுகள் ஆகின்றன என்றால் அதன் காரணம் அமைப்பின் கட்டுமானத்தில் இருக்கிறது. பயிற்சி, அங்கீகாரம், பணம், நட்பு, ஆறுதல் எல்லாம் ஒரே வாசல் வழியாக வரும்போது அந்த வாசலைப் பற்றிக் குறை சொல்ல எவரும் துணியமாட்டார். அப்படி வளர்ந்த பழக்கம் நோய்க்காலம் வந்ததும் மாறிவிடாது. வருகைக் கணக்கும் காணிக்கைக் கணக்கும் மாதந்தோறும் கேட்கும் அதே பொறுப்பாளர், கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் ‘நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் பிரதர்?’ என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான். கர்த்தர் நன்றாக நடத்துகிறார்.

கண்காணிப்பையும் ஆதரவையும் பிரித்துவைத்தால் மட்டும் போதுமா, சம்பளமே இல்லாதவருக்கு ஆறுதல் என்ன செய்யும் என்ற கேள்வி சரியானது. பணமும் ஆதரவின் பகுதிதான், அதைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும். 2020இல் அமெரிக்க அரசு அறிவித்த சம்பளப் பாதுகாப்புக் கடனுக்கு மத அமைப்புகளும் தகுதி பெற்றன. சம்பளத்துக்குச் செலவிட்டால் கடன் தள்ளுபடி. ஆனால் முதல் தவணையாக ஒதுக்கிய 34,900 கோடி டாலர் ஏப்ரல் 16க்குள் தீர்ந்துபோனது. வங்கியோடு பழக்கமும் கணக்கு எழுத ஆளும் உள்ள பெரிய நிறுவனங்களுக்கு இருந்த வேகம் போதகரே கணக்கரும் காவலருமாக இருக்கும் சின்னச் சபைக்கு இருந்திருக்க வழியில்லை. ஒரு வலையமைப்பு தன் கணக்கரை நான்கு நாள் இந்த விண்ணப்பங்களுக்கென்று உட்காரவைப்பது நாற்பது ஊக்க உரைகளைவிடப் பெரிய ஆதரவு. வலையமைப்புகளின் சொந்த வருவாயும் ஆட்டம் காணக்கூடியது. தெற்கு பாப்திஸ்துகள் உள்நாட்டு மிஷன் பணிக்காக ஆனி ஆம்ஸ்ட்ராங் பெயரில் திரட்டும் காணிக்கை ஈஸ்டரை ஒட்டியது. 2020இல் ஈஸ்டர் வந்தது ஏப்ரல் 12இல், ஆலயங்கள் பூட்டிக் கிடந்த வாரத்தில். ஊழியர் விசுவாசத்தால் பிழைக்க வேண்டும், பாதுகாப்பு நிதி அவிசுவாசம் என்பவர்கள் நம் சபைகளிலும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: கூடாரம் தைத்து உழைத்த பவுலே பிலிப்பி சபை அனுப்பிய பணத்தைப் பெற்றுக்கொண்டு நன்றி எழுதினார். விசுவாசம் அனுப்புகிறவர்களுக்கும் உரியது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கில் மூடிய வழிபாட்டிடங்கள் தமிழ்நாட்டில் முழுமையாகத் திறக்கச் செப்டம்பர் 1 ஆனது. அதே செப்டம்பரில் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவது தடைசெய்யப்பட்டது. மேலிருந்து பெற்றுக் கீழே பகிர்வதையே ஆதாரமாகக் கொண்ட வலையமைப்புகளுக்கு இது நோயின் நடுவில் விழுந்த அடி. 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் போல, இந்தியப் பணத்தைக் கொண்டே ஊழியம் என்று உறுதிகொண்டவற்றை அந்தத் திருத்தம் தொடாது. ஆனால் தென்மாவட்டச் சபைகளின் காணிக்கைதான் அவற்றின் ஊற்று. அந்தச் சபைகளே மூடிக்கிடந்தால் வடக்கே பணிபுரியும் மிஷனரியின் அடுப்பு என்னாகும்? ஆதரவு என்ற பெயரில் ஆபத்தும் வரக்கூடும். 2021 ஏப்ரலில் தென்னிந்தியத் திருச்சபையின் தென் கேரளத் திருமண்டலம் மூணாறில் நடத்திய போதகர் தியானக் கூடுகையில் கலந்துகொண்ட பலர் தொற்றுக்கு ஆளாயினர், சில போதகர்கள் இறந்தனர். நோக்கம் நல்லதே. ஆனால் பதவியும் இடமாற்றமும் மேலிடத்தின் கையில் இருக்கும்போது, பயமாயிருக்கிறது, வரவில்லை என்று ஒரு போதகர் சொல்வது எளிதல்ல.

இரண்டு மறுப்புகள் பாக்கி. ஜனங்கள் வேலையும் உயிரும் இழந்த காலத்தில் போதகரின் மனச்சோர்வைப் பேசுவது சரியா என்பது ஒன்று. சோர்ந்துபோன ஒருவரின் கையிலிருந்து அந்த ஜனங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுப் பார்த்தால் இந்த மறுப்பு நிற்காது. மற்றது கனமானது. போதகர் மனம் திறந்து பேசக் கண்காணிப்பிலிருந்து விலகிய தனி ஆலோசகர் ஒருவரை வைத்தால், அவர் போதகரின் தவறுகளுக்கு மறைப்பாகிவிடமாட்டாரா? ஆகக்கூடும். அதனால்தான் விசுவாசிகள் முறையிடும் வாசலும் அமைப்பின் தலைவருக்குக் கட்டுப்படாததாக இருக்க வேண்டும் என்கிறேன். சிறு பிள்ளைகளுக்கோ வேறெவருக்கோ தீங்கு என்றால் ரகசியம் காக்கப்படாது என்பதை முதல் சந்திப்பிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆபத்து இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே கையில் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதை ஆக்ட்ஸ் 29இன் 2020 பிப்ரவரி காட்டிவிட்டது.

எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்டபோது, தேவதூதன் முதலில் தந்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும், மறுபடி தூக்கமும். இது தெரியாத போதகர் இல்லை, இதைப் பிரசங்கிக்காதவரும் இல்லை. ஆனால் இது பிரசங்கத்திலிருந்து நிர்வாக விதிக்குள் வர வேண்டும். சபைகளை நிறுவும் எந்த அமைப்பும் தன் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஆறு மாதச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் வைப்பதும், அமைப்புக்கு அறிக்கை தராத வெளி ஆலோசகர் ஒருவருக்குக் கட்டணம் செலுத்துவதும், பேரிடர் மாதங்களில் வருகை எண்ணிக்கை கேட்பதில்லை என்று தீர்மானம் போடுவதும் அடுத்த நோய் வருமுன் செய்யக்கூடியவை. மூன்றாவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. நீங்கள் ஒரு சபையின் அங்கத்தினர் என்றால், இந்த ஆண்டு பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும்போது எழுந்து இரண்டு கேள்வி கேளுங்கள். காணிக்கை நின்றால் நம் போதகர் குடும்பத்துக்கு எத்தனை மாதம் தாங்கும்? கமிட்டிக்குத் தெரியாமல் அவர் மனம்விட்டுப் பேச யார் இருக்கிறார்கள்?