58 பி/8: ஆலுவாத் தாளில் ஓடும் ஆறு

வரைபடமும் கணினியும் – 9

முல்லைப் பெரியாறு அணையின் வழியாகத் தமிழ் வாசகர்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கும் பெரியாறு, 244 கிலோமீட்டர் நீளமுள்ள தன் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில், ஆலுவாவை ஒட்டி இரண்டாகப் பிரிகிறது. மங்கலப்புழை எனப்படும் வடகிளை சாலக்குடி ஆற்றோடு கலந்து கொடுங்கல்லூர்ப் பக்கம் செல்ல, மார்த்தாண்டவர்மா பாலத்தின் அடியில் ஓடும் தென்கிளை ஏலூரையும் வராப்புழையையும் தொட்டுக் கொச்சிக் காயலில் சேர்கிறது. இந்தக் கழிமுகச் சமவெளியில் ஆறு ஒரே தடத்தில் கிடந்ததில்லை. 1341-இல் வந்த பெருவெள்ளத்தில் முசிறித் துறை மணல்மேடிட்டுக் கொச்சித் துறை திறந்தது என்று வரலாற்று நூல்கள் பலவும் சொல்கின்றன. கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்ததால் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று கேரளத்தார் இன்றும் குறிப்பிடும் 1924 ஜூலை வெள்ளமும், 2018 ஆகஸ்ட் வெள்ளமும் இதே சமவெளியின் மீதுதான் பரவின. ஆறு முன்பு எங்கே ஓடியது, எந்தத் தோடு, அதாவது சிற்றோடை, எப்போது தூர்ந்தது, எந்த வயல் எப்போது வீட்டுமனையானது என்ற கேள்விகளுக்கு விடை பழைய காகித வரைபடங்களில் இருக்கிறது. அவ்விடையை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மீது பொருத்திப் பார்க்க வேண்டுமானால், காகிதத்தில் உள்ள ஒவ்வொரு கோடும் புவிமேற்பரப்பில் தனக்குரிய இடத்தைக் குறிக்கும் எண்களாக மாற வேண்டும். இதற்கு எண்மமாக்கம் என்று பெயர்.

அந்தக் காகிதங்களின் வரலாறு நீளமானது. பென்ஜமின் சுவெய்ன் வார்டு, பீட்டர் எய்ர் கானர் என்ற இரு படைத்துறை அளவையாளர்கள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி ஆகிய இரு சமஸ்தானங்களையும் அளந்து, ஊர்களையும் ஆறுகளையும் பற்றிய விரிவான குறிப்பேட்டோடு வரைபடங்களை விட்டுச் சென்றார்கள். அதற்குப் பின் இந்திய நில அளவைத் துறை, ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவிலும், மெட்ரிக் முறை வந்தபின் 1:50,000 என்ற அளவிலும், 'டோப்போ ஷீட்' என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் தலப்படங்களை வெளியிட்டது. நிலத்தின் ஏற்றத்தாழ்வு, நீர்நிலை, பாதை, குடியிருப்பு ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் காட்டும் வரைபடமே தலப்படம். கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அகலத்துக்கு உட்பட்ட தாள்கள் பாதுகாப்புக் காரணத்தால் பல பத்தாண்டுகள் பொதுமக்களுக்குத் தடுக்கப்பட்டிருந்தன. ஆலுவாவும் கொச்சியும் முழுவதுமாக அந்தப் பட்டையினுள் அடங்கும். 2005-இன் தேசிய வரைபடக் கொள்கை பொதுப் பயன்பாட்டுக்கும் படைத்துறைக்கும் தனித்தனி வரிசைகளை வகுத்தது. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிகள் கட்டுப்பாடுகளை இன்னும் தளர்த்தின. தன் ஊரின் ஆற்றை வரைந்த தாளைத் தன் ஊரார் பார்ப்பதற்கு இத்தனை காலம் ஆனது வருந்தத்தக்கது. வெள்ளச் சமவெளியில் வீடு கட்டுபவருக்கு அந்தத் தாள் முதலில் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

தாளைக் கையில் எடுத்தவர் முதலில் படிக்க வேண்டியது அதன் எண். இந்தியத் தலப்படங்களின் எண்முறையில், நான்கு பாகை அகலமும் நான்கு பாகை உயரமும் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு; அது பதினாறு ஒரு பாகைக் கட்டங்களாகப் பிரிந்து எழுத்துகளைப் பெறுகிறது; ஒவ்வோர் எழுத்தும் மீண்டும் பதினாறாகப் பிரிந்து, பதினைந்து கலை அளவுள்ள தாள்களாகிறது. இந்தக் கணக்கின்படி ஆலுவா 58 பி/8 என்ற தாளில் விழுகிறது. மட்டாஞ்சேரி 58 சி/5-இல் விழுகிறது, ஏனென்றால் எறணாகுளம் நகரத்தின் கலூர் அருகே செல்லும் பத்தாம் அட்சரேகைதான் பி, சி என்ற இரு கட்டங்களுக்கும் எல்லை. இன்னும் நுணுகினால், 76 பாகை 15 கலைத் தீர்க்கரேகை ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே செல்வதால், நடந்தே கடந்துவிடக்கூடிய அவ்விரு இடங்களும்கூட வெவ்வேறு தாள்களில் கிடக்கின்றன. ஆலுவாவில் பிரியும் ஆற்றைக் கொச்சி முகத்துவாரம் வரை தொடர விரும்புபவருக்கு ஒரு தாள் போதாது என்பது எண்ணைப் படித்த அளவிலேயே விளங்கிவிடும்.

தாள் முதலில் ஸ்கேன் செய்யப்படுகிறது. 1:50,000 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற செறிவில் ஸ்கேன் செய்தால், ஒவ்வொரு புள்ளியும் நிலத்தில் சற்றேறக்குறைய 4.2 மீட்டரைக் குறிக்கும். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள அச்சுக் கோடு நிலத்தில் 12.5 மீட்டர் அகலம் பெறும். எந்த மென்பொருளும் இதைவிடத் துல்லியமான விடையைக் காகிதத்திலிருந்து கறந்துவிட முடியாது.

இவ்வேலைக்கு உதவும் கட்டற்ற மென்பொருள்களில் மூன்று முதன்மையானவை. அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையில் பணியாற்றிய ஜெரால்டு எவெண்டென் தொடங்கிவைத்த 'புரோஜ்', இடத்தை எண்களால் குறிக்கும் ஓர் ஆயமுறையிலிருந்து இன்னோர் ஆயமுறைக்கு எண்களை மாற்றும் நூலகம். ஃபிராங்க் வார்மர்டாம் 1998-இல் தொடங்கிய 'ஜிடால்', பலவகைப் படக் கோப்புகளையும் வரைபடக் கோப்புகளையும் படித்து மாற்றும் கருவித்தொகுப்பு. அமெரிக்கத் தரைப்படையின் கட்டுமான ஆய்வகத்தில் 1982 முதல் உருவாகி, 1999-இல் பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வந்த 'கிராஸ்', முழுமையான புவியியல் தகவல் முறைமை, அதாவது இடத்தையும் இடத்தைப் பற்றிய தகவலையும் இணைத்துச் சேமித்து ஆராயும் அமைப்பு. கேரளத்தில் இவை விருந்தாளிகள் அல்ல: இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது, அம்மாநில அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடமும் கட்டற்ற மென்பொருளையே அடிப்படையாகக் கொண்டது.

மூன்றையும் சுட்டியால் சொடுக்கும் சாளரங்கள் வழியாகவும் இயக்கலாம். ஆனாலும் கற்பவர் கட்டளை வரியில், அதாவது கட்டளையை எழுத்தாகத் தட்டி உள்ளிடும் முறையில், தொடங்குவதே நல்லது. சொடுக்கு ஒன்று நிகழ்ந்து மறைந்துவிடுகிறது, தட்டிய கட்டளையோ கோப்பில் நிற்கிறது. எந்தப் புள்ளி எந்த ஆயத்தொலைவோடு இணைக்கப்பட்டது, எந்த மாற்றுமுறை பயன்பட்டது என்பதைப் பத்தாண்டு கழித்து வரும் வேறொருவரும் வரிவரியாகப் படித்து, ஐயம் எழும் இடத்தில் ஓர் எண்ணை மட்டும் திருத்தி, முழு வேலையையும் மறுபடி ஓட்டிப் பார்க்க முடியும். கிராஸின் பழைய பயிற்சி நூல்கள் தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரின் தரவுகளைக் கொண்டே எழுதப்பட்டவை. அந்த மேட்டு நிலத்தில் கற்ற பாடம், ஆறும் தோடும் காயலும் பின்னிக் கிடக்கும் ஆலுவாவுக்கு வரும்போது பல இடங்களில் மாற வேண்டியிருக்கிறது.

முதல் மாற்றம் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைத் தேர்வதில் வருகிறது. கட்டுப்பாட்டுப் புள்ளி என்பது, ஸ்கேன் செய்த படத்தில் தெளிவாகத் தெரிந்து, நிலத்திலும் சரியான ஆயத்தொலைவு தெரிந்த இடம். 'ஜிடால் டிரான்ஸ்லேட்' என்ற கட்டளையோடு ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு எண்கள் தரப்படுகின்றன: படத்தில் எத்தனையாவது நிரல், எத்தனையாவது வரிசை, நிலத்தில் கிழக்கு அளவு, வடக்கு அளவு. படத்தின் வரிசைகள் மேலிருந்து கீழாக எண்ணப்பட, வடக்கு அளவு கீழிருந்து மேலாகக் கூடுவதால், இரண்டையும் ஒரே திசையில் எண்ணுபவருக்கு ஆலுவா தலைகீழாகத் திரும்பிவிடும். 1:50,000 தாளில் ஐந்து கலைக்கு ஒன்றாக அச்சிடப்பட்ட அட்ச, தீர்க்கக் கோடுகள் நான்குக்கு நான்காகப் பதினாறு சந்திப்புகளைத் தருவதால், அவையே சிறந்த புள்ளிகள். இத்தகைய கோடுகள் இல்லாத பழைய படங்களில் நிலத்தில் உள்ள பொருளைத்தான் நாட வேண்டும். ஆற்று வளைவோ மணல்திட்டின் முனையோ அங்கே உதவாது, ஏனெனில் எது நகர்ந்தது என்று அறிவதற்காக வேலை நடக்கிறதோ அதையே அசையாத அடையாளமாகக் கொள்வது ஆய்வைத் தொடக்கத்திலேயே குலைத்துவிடும். 1902-இல் திறந்த ஷொர்ணூர்–எறணாகுளம் ரயில்பாதையின் கடவுகள், பழைய தேவாலயங்கள், கோயில்கள் போன்றவற்றை, இடம் மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பயன்படுத்தலாம்.

இரண்டாவது சிக்கல் இதைவிட ஆழமானது. பழைய தலப்படத்தின் ஓரத்தில் அச்சிட்டுள்ள அட்ச, தீர்க்க எண்களும், இன்று கைப்பேசி காட்டும் எண்களும் ஒரே அளவுகோலில் அமைந்தவை அல்ல. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவைப் பணியை வடக்கே கொண்டுசென்ற ஜார்ஜ் எவரெஸ்ட், துருவங்களில் சற்றுத் தட்டையான பூமியின் வடிவத்தை இந்திய நிலப்பரப்புக்குப் பொருந்துமாறு 1830-இல் கணித்தார். மத்தியப் பிரதேசத்தின் கல்யாண்பூரைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, அந்தக் கற்பனை வடிவத்தின் மீதே இந்தியாவின் தலப்படங்கள் நெடுங்காலம் வரையப்பட்டன. செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் 'டபிள்யூஜிஎஸ் 84' என்ற வடிவமோ பூமி முழுமைக்கும் பொருந்துவது. அதன் மையத்துக்கும் எவரெஸ்ட் வடிவத்தின் மையத்துக்கும் இடையே எண்ணூறு மீட்டருக்கும் அதிகமான விலகல் உண்டு. புழக்கத்தில் உள்ள மாற்று மதிப்புகளைக் கொண்டு கணக்கிட்டால், ஆலுவாவின் அட்சத்திலும் தீர்க்கத்திலும் இவ்விலகல் நிலத்தில் ஏறத்தாழ 200 மீட்டராக, 1:50,000 தாளில் நான்கு மில்லிமீட்டராக வெளிப்படுகிறது. ஓர எண்களை அப்படியே புதிய அளவுகோலின் எண்களாக எழுதிவிட்டால், ஆறு முழுவதும் அதன் அகலத்துக்கு ஒப்பான தொலைவுக்கு இடம்பெயர்ந்து தெரியும். பெரியாறு கரை மாறிவிட்டது என்று அதை நம்புவதும் எளிது. எனவே புள்ளிகள் கல்யாண்பூர் 1975 என்ற ஆயமுறையைச் சேர்ந்தவை என்று, அதன் குறியீட்டெண்ணான 4146-ஐ எழுதி, கட்டளையிலேயே அறிவிக்க வேண்டும். பின்னர் 'ஜிடால் வார்ப்' என்ற கட்டளை புரோஜின் துணையோடு அவற்றை 32643 என்ற எண்ணுடைய புதிய முறைக்கு மாற்றிப் படத்தை வளைத்துத் தரும். இரண்டாவது எண், உலகை ஆறு பாகை அகல வலயங்களாக வெட்டி ஒவ்வொன்றையும் மீட்டர் கணக்கில் தட்டையாக்கும் யுடிஎம் கோட்டுச்சட்டத்தின் 43-ஆவது வடக்கு வலயத்தைக் குறிக்கிறது.

வளைக்கும் முறையிலும் தேர்வு உண்டு. முதற்படிச் சமன்பாட்டுக்கு மூன்று புள்ளிகள் போதும், இரண்டாம் படிக்கு ஆறு, மூன்றாம் படிக்குப் பத்து. படி உயர உயரக் கணினி காட்டும் எச்சப் பிழை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் தனக்குரிய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தது என்ற அளவு, குறைந்துகொண்டே வரும். இது மயக்கும் குறைவு. மழைக்காலக் காற்றின் ஈரத்தில் விரிந்து சுருங்கிய தாளுக்கு முதற்படியே பெரும்பாலும் தக்கது. மூன்றாம் படி புள்ளிகளைத் துல்லியமாகத் தொட்டுவிட்டு, புள்ளிகள் இல்லாத இடைவெளியில் தாளை நெளித்துவிடும். சில சந்திப்புகளைச் சமன்பாட்டில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்து, அவை எங்கே விழுகின்றன என்று பார்ப்பதே நேர்மையான சோதனை.

இதன்பின் கோடு வரையும் வேலை தொடங்குகிறது. நீல நிறத்தை மட்டும் பிரித்தெடுத்து, 'ஆர்.தின்' என்ற கிராஸ் கட்டளையால் ஒரு புள்ளி அகலத்துக்கு மெலிவித்து, 'ஆர்.டு.வெக்ட்' கட்டளையால் கோடாக்கலாம். ஆனால் ஊர்ப்பெயரின் எழுத்து ஆற்றின் மீது அச்சாகியிருக்கும் இடத்தில் கோடு அறுந்துவிடும், பாலத்திலும் அறுந்துவிடும். கிராஸ், கோடுகளை அவற்றின் இணைப்பு உறவோடு சேமிக்கும் முறைமை: எந்தக் கோடு எந்த முனையில் எதனோடு சேர்கிறது, எந்தக் கரைகள் கூடி ஒரு பரப்பை அடைக்கின்றன என்பது அதற்குத் தெரிய வேண்டும். ஆலுவாவின் பிரிமுனையில் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்காமல் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டுப்போனால், கண்ணுக்கு ஆறு முழுமையாகத் தெரியும், கணினிக்கோ தென்கிளையில் நீரே வராது. 'வி.கிளீன்' என்ற கட்டளை, தரப்பட்ட தொலைவுக்குள் உள்ள முனைகளை ஒட்டி, தொங்கும் துணுக்குகளை நீக்குகிறது. அந்தத் தொலைவைப் பெரிதாக்கினால் குறுகிய தோட்டின் இரு கரைகளும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு என்று முடிவு செய்யும் பொறுப்பு வரைபவருடையது.

58 பி/8-இன் கீழ் விளிம்பும் 58 சி/5-இன் மேல் விளிம்பும் பொருந்தும் இடத்தில் வேறொரு முடிவு காத்திருக்கிறது. இரு தாள்களும் வெவ்வேறு ஆண்டுகளின் அளவையிலிருந்து வந்திருந்தால், ஒன்றில் உள்ள காயல் விளிம்பு மற்றதில் தொடராது. அந்த முறிவைச் சரிசெய்து மறைப்பதைவிட, ஒவ்வொரு கோட்டின் தகவலிலும் தாளின் எண்ணையும் அளவை ஆண்டையும் எழுதி, முறிவை அப்படியே விடுவது மேல்; இடையில் நடந்த மாற்றம் அந்த முறிவில்தான் பதிந்திருக்கக்கூடும். நெடும்பாசேரியில் 1999-இல் விமானங்கள் வரத் தொடங்குவதற்கு முன் அச்சான தாளில், விமான நிலையத்துக்காகத் திசை திருப்பப்பட்ட செங்கல்தோடு தன் பழைய வழியிலேயே ஓடுகிறது. 2018-இல் அந்நிலையம் நீரில் மூழ்கி ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடிக்கிடந்த நாட்களின் ரேடார் செயற்கைக்கோள் படத்தை, ஆண்டு குறிக்கப்பட்ட அந்தப் பழைய தோட்டோடு ஒப்பிடுபவருக்கு, சந்தேகத்துக்கு இடமின்றி இரண்டின் காலமும் தெரிந்திருக்க வேண்டும்.

காகிதம் தராத ஒன்றும் உண்டு. 1:50,000 தாளில் சம உயரக்கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே கிடக்கும் ஆலுவாவின் தாழ்நிலத்தில் அக்கோடுகள் பெரும்பாலும் இல்லை, ஆங்காங்கே அச்சிட்ட உயரப் புள்ளிகள் மட்டுமே உள்ளன. அச்சிறு எண்களிலிருந்து நிலத்தின் உயரப் பரப்பைக் கணிக்கும் முறைகள் அடுத்த இதழில்.