இடம்பெயர்ந்தோரின் உளநலம்

பேரிடரின் சுமை எல்லா மக்கள்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. உடற்காயம் உடனே கண்ணுக்குத் தெரியும். உள்ளத்தின் காயம் ஆராய்ந்தாலன்றிப் புலப்படாது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் நடைபெற்ற ஓர் ஆய்வு இதனை நன்கு விளக்குகின்றது.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளின் கரையோர ஊர்களை அழித்தது. உயிர் தப்பியோருள் பலர், கார் நிக்கோபாரிலிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போர்ட் பிளேருக்குக் கொணரப்பட்டனர். (2024 முதல் இந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) கடலை நோக்கிய மரைன் ஹில் முதலிய மேடுகளையுடைய அந்நகரில் பள்ளிகளும் நிவாரண முகாம்களாயின.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிலையத்தின் மருத்துவர்கள் இத்தீவுகளுக்கு வந்து தொண்டாற்றினர். இடம்பெயர்ந்தோரையும் பெயராதோரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். 2008-இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, மனநலக் கோளாறுக்கு ஆளானோர் இடம்பெயர்ந்தோருள் நூற்றுக்கு 5.2, பெயராதோருள் 2.8. மனச்சோர்வும், அதிர்ச்சிக்குப்பின் நீடிக்கும் கோளாறும் இரு சாராரிடத்தும் ஒத்திருந்தன. திடீர்ப் பேரச்சம், பதற்றம், உடல் உபாதையாக வெளிப்படும் துயரம் ஆகியவை இடம்பெயர்ந்தோரிடம் மிகுந்திருந்தன. அலையின் அதிர்ச்சி இருவர்க்கும் பொது. வாழிடத்தைப் பிரிந்த துன்பம் ஒரு சாரார்க்கு மேலும் ஒரு சுமையாயிற்று எனக் கொள்ள இடமுண்டு.

கார் நிக்கோபார் மக்கள் 'துஹெட்' என்னும் கூட்டுக்குடும்பமாக வாழ்பவர்கள். நிலமும் உழைப்பும் அதனுள் பொதுவானவை. இத்தகைய கூட்டுவாழ்வு துயரைத் தாங்கும் வலிமையைத் தருவதை மருத்துவர்கள் கண்டனர். ஆகவே உதவி வழங்குங்கால் உறவினரைப் பிரிக்காது ஒருங்கே தங்கவைப்பதும் ஒருவகைச் சிகிச்சையே எனலாம்.

தேவை மிக்கோர்க்கு உதவியும் மிகுதியாகக் கிட்டுதலே நலவாழ்வில் சமநீதி ஆகும். தலைநகரில் மனநல மருத்துவர் இருப்பினும், கப்பலேறி வரவேண்டிய தீவினர்க்கு அவர் எட்டாதவரே. இக்குறையை ஓரளவு நீக்க, ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் அக்காலத்தில் பயிற்சி அளிக்கப்பட்டது. மக்களின் மொழியும் வழக்கமும் அறிந்தவர்கள் அவர்களே.

களப்பணியாளர் கவனிக்கவேண்டியவை சில. தலைவலி, படபடப்பு, உறக்கமின்மை என அடிக்கடி வருவோரின் உடலைச் சோதித்தபின், அவர் இழந்தவை யாவை எனவும் பரிவோடு கேட்டறிதல் வேண்டும். பேசவிரும்பாதவரை வற்புறுத்தலாகாது. வகுப்பில் ஒதுங்கியிருக்கும் குழந்தையைத் தண்டியாது, விளையாட்டிலும் சித்திரம் வரைதலிலும் ஈடுபடுத்துக. துன்பம் நீடிப்பின் மருத்துவரிடம் அனுப்புக. 2022 முதல் இயங்கிவரும் டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் உரையாடலாம்.