ஆற்றை மீட்டவர்களுக்கு நீரில் உரிமை உண்டா?

புதுதில்லி: மத்திய அரசின் நீர்வளத் திட்டங்களில் 'மக்கள் பங்கேற்பு' என்ற சொல் இடம்பெறாத ஆவணமே இல்லை. 2019-இல் தொடங்கப்பட்ட அடல் நிலத்தடி நீர்த் திட்டமும், மாவட்டத்துக்கு 75 குளங்கள் என்று 2022-இல் அறிவிக்கப்பட்ட அமிர்த சரோவர் திட்டமும் அதையே பேசுகின்றன. பங்கேற்றவர்களுக்கு அந்த நீரின்மீது என்ன அதிகாரம் என்பதுதான் விடை கிடைக்காத கேள்வி. ராஜஸ்தானின் அர்வரி ஆற்றங்கரையில் இக்கேள்வி எழுந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது.

ஆல்வார் மாவட்டத்தில் ஓடும் அர்வரியின் நீளம் சுமார் 45 கி.மீ. மட்டுமே. மலைகளில் மரங்கள் வெட்டப்பட்டு, பழைய நீர்நிலைகள் தூர்ந்துபோனதால், மழை நின்றதும் வறண்டுவிடும் ஓடையாக அது சுருங்கியிருந்தது. ராஜேந்திர சிங்கின் தருண் பாரத் சங்கம் 1985-இல் இப்பகுதிக்கு வந்த பின்னர், கிராமத்தினர் 'ஜோஹட்' எனும் பிறைவடிவ மண்கரைகளை மீண்டும் எழுப்பினர். சரிவில் பாயும் மழைநீரைக் கரை தடுக்கிறது. நீர் நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளை நிரப்புகிறது. நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப்படுகையை எட்டும்போது, கசிவே ஓட்டமாகிறது. 1990-களின் நடுவில் அர்வரி ஆண்டு முழுவதும் ஓடியது.

ஆறு ஓடத் தொடங்கியதும் அரசு வந்து சேர்ந்தது! 1996-இல் ஹமீர்பூரில் மீன்பிடி உரிமம் ஒப்பந்தக்காரருக்கு அளிக்கப்பட்டது. மக்கள் போராடி அதை ரத்து செய்ய வைத்தனர். அதன் தொடர்ச்சியாக 1999-இல் சுமார் 70 கிராமங்கள் சேர்ந்து 'அர்வரி நாடாளுமன்றம்' அமைத்தன. கரும்பும் நெல்லும் பயிரிடக்கூடாது, ஆழ்துளைக் கிணறு தோண்டக்கூடாது என்று அது விதி வகுத்தது.

2001-இல் லாவா கா பாஸ் கிராமத்தினர் கட்டிய தடுப்பணையைச் சட்டவிரோதம் என்று கூறி இடிக்க முனைந்தது மாநிலப் பாசனத் துறை. ராஜேந்திர சிங் மகசேசே விருது பெற்றதும் அதே ஆண்டில்தான். எதிர்ப்பு வலுத்ததால் இடிப்பு கைவிடப்பட்டது.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023 மதிப்பீட்டில், ராஜஸ்தானின் 302 ஒன்றியங்களில் 216 அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை. நீரைச் சேமித்தால் மட்டும் போதாது, எடுப்பதைக் கட்டுப்படுத்தவும் வேண்டும் என்பதை அர்வரி மக்கள் முன்பே உணர்ந்திருந்தனர். ஆனால் அவர்களது நாடாளுமன்றத்தின் விதிகளுக்குச் சட்ட அங்கீகாரம் கிடையாது. விதியை மீறி ஒருவர் ஆழ்துளைக் கிணறு தோண்டினால், பேசிப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.