மான்டி கிறிஸ்டோ: எல்லாருக்கும் தெரிந்த பழிவாங்கும் கதை... க்ளைமாக்ஸை ஏன் மாற்றினார்கள்?

'வஞ்சிக்கோட்டை வாலிபன்' என்றதும் வைஜெயந்திமாலா - பத்மினி போட்டி நடனம்தான் நினைவுக்கு வரும். 1958ல் எஸ்.எஸ்.வாசன் எடுத்த அந்தப் படத்தின் கதைக்கு வித்து, பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமாவின் 'தி கவுண்ட் ஆஃப் மான்டி கிறிஸ்டோ' நாவல். செய்யாத குற்றத்துக்குச் சிறை, கையில் சிக்கும் புதையல், வேறு ஆளாகத் திரும்பி வந்து கணக்குத் தீர்ப்பது... இந்த டெம்ப்ளேட்டை எத்தனை படத்தில் பார்த்திருப்போம்!

அதே நாவலை 2024ல் பிரான்ஸில் மறுபடி படமாக்கினார்கள். மாத்யூ டெலாபோர்ட், அலெக்ஸாந்த்ர் த லா பத்தெலியர் சேர்ந்து இயக்க, ஹீரோவாக பியர் நினே. ஏறக்குறைய 3 மணி நேரம் ஓடும் படத்துக்கு அந்த நாட்டில் மட்டும் 90 லட்சம் டிக்கெட்டுகளுக்கு மேல் விற்றன. கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் முடிவு அதே முடிவில்லை. (ஸ்பாய்லர் அலர்ட்: இனி வருவது எல்லாமே ஸ்பாய்லர்தான்!)

1815ல் மார்சேய் நகரில் எட்மோன் தாந்தே என்ற இளம் மாலுமி கைதாகிறான். காரணம் மூன்று பேர். பொறாமை பிடித்த தாங்லர், எட்மோனின் காதலி மெர்சிடிஸ் மீது கண் வைத்த ஃபெர்னான், குடும்ப ரகசியத்தை மறைக்க நினைக்கும் அரசு வழக்கறிஞர் வில்ஃபோர். சிறையில் ஃபாரியா என்ற பாதிரியார் அவனுக்குப் படிப்பும் சொல்லித்தந்து, புதையலையும் காட்டுகிறார். (நிஜத்தில் இந்தப் பெயரில் ஒரு பாதிரியார் இருந்தார். நம்ம கோவாவில் பிறந்தவர், ஹிப்னாடிஸத்தின் முன்னோடி. டூமா அவரை இத்தாலியராக்கிவிட்டார்.)

1844ல் பத்திரிகைத் தொடராக ஆரம்பித்த நாவல் இது. மொத்தம் 117 அத்தியாயங்கள். படத்தில் பாதிக் கிளைக்கதைகள் காலி. அதில் ஒன்றுதான் முக்கியமான இழப்பு. நாவலில் வில்ஃபோரின் மனைவி வீட்டில் ஒவ்வொருவராக விஷம் வைக்கிறாள். கடைசியில் சின்னப் பையன் எதுவார் சாகிறான். அங்கேதான் எட்மோன் முதல்முறையாக ஆடிப்போகிறான். 'தண்டிக்கும் உரிமையைக் கடவுள் எனக்குத் தந்திருக்கிறார்' என்ற அவன் நம்பிக்கை உடைகிற இடம் அது.

எதுவார் படத்தில் இல்லை. அப்போ அந்தக் குற்ற உணர்வு எங்கிருந்து வரும்? எட்மோன் தன் திட்டத்துக்குப் பயன்படுத்தும் இரண்டு இளசுகளிடமிருந்து. வில்ஃபோர் கைவிட்ட மகன் ஆந்த்ரே இந்தப் பழிவாங்கலில் உயிரையே விடுகிறான். ஃபெர்னானால் தந்தையை இழந்த ஹைடே, அவன் மகன் ஆல்பெரை மயக்க அனுப்பப்படுகிறாள். ஆனால் நிஜமாகவே காதலில் விழுகிறாள்.

நாவலில் ஹைடே, எட்மோன் விலைகொடுத்து வாங்கிய அடிமைப் பெண். கடைசியில் அவனோடே கப்பலேறிப் போவாள். இன்றைய ரசிகருக்கு அது எப்படி இருக்கும்? யோசித்தாலே நெளியத் தோன்றுகிறது. படத்தில் ஹைடே எதிரியின் மகனோடு போகிறாள். எட்மோன் வழிவிட்டுத் தனியாகக் கடலேறுகிறான். பெற்றோர் போட்ட சண்டையின் பில்லைப் பிள்ளைகள் கட்ட வேண்டாம் என்று படம் முடிவெடுத்துவிட்டது. என்னைக் கேட்டால், நாவலைவிட இது நேர்மையான முடிவு.

ஒரே ஒரு குறை. நாவலில் உண்மை வெளியானதும் ஃபெர்னான் தன்னைத்தானே சுட்டுக்கொள்வான், அவ்வளவுதான். இங்கே ஹீரோவுக்கும் வில்லனுக்கும் நீளமாக ஒரு கத்திச் சண்டை. அது மட்டும் கொஞ்சம் ஓவர்!