உடம்பின் வாசல்கள் – 9: மூக்கில் எரிச்சல், ஒரு பக்கமா, இரு பக்கமா?

மூக்குக்குள் இரண்டு நரம்புகள் காவல் இருக்கின்றன. ஒன்று மணம் அறியும் நரம்பு. மற்றொன்று நெற்றி, கன்னம், தாடை என மூன்றாகக் கிளைத்து முகம் முழுவதற்கும் உணர்வு தரும் நரம்பு. எரிச்சல், குறுகுறுப்பு, குளிர்ச்சி, வலி எல்லாம் இந்த இரண்டாவது நரம்பு வழியாகவே மூளைக்குப் போகின்றன. திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அக்னி லிங்கத்தின் முன் கற்பூரம் எரியும்போது இரண்டும் ஒருசேர வேலை செய்கின்றன: மணத்தை முதல் நரம்பு சொல்கிறது, சுருக்கென்ற எரிச்சலை இரண்டாவது சொல்கிறது. சளி பிடித்து மணமே தெரியாதவரும் மிளகாய் வறுக்கும் நெடிக்குத் தும்முவது இதனால்தான்.

இந்த நரம்புக்குத் தெரிந்த சொற்கள் குறைவு. தூசி பட்டாலும், மகரந்தம் பட்டாலும், உட்தோல் உலர்ந்தாலும், உள்ளே சதை வளர்ந்தாலும் அது சொல்வது அரிப்பு, எரிச்சல், தும்மல், அடைப்பு என்ற நாலைந்து சொற்களைத்தான். ஆகவே காரணத்தைக் கண்டுபிடிக்க, எரிச்சல் எப்போது வருகிறது, எதனுடன் வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கைக்குட்டையில் கறுப்பு

ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். அதில் வரும் தூசியை மூக்கின் ஈரப்படலம் ஒட்டிப் பிடிக்கிறது. அதன் அடியில் உள்ள நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து, அழுக்கேறிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. மூக்கின் முன்பகுதியில் ஒட்டிய துகள் தொண்டையை அடையப் பத்து, இருபது நிமிடம் ஆகும்.

பௌர்ணமி கிரிவல இரவில் அக்னி லிங்கத்திலிருந்து ரமணாசிரமத்தைக் கடந்து எம லிங்கம் வரை செங்கம் சாலையில் இந்த ஏற்பாட்டுக்குக் கடும் வேலை. ஆயிரக்கணக்கான கால்கள் கிளப்பும் புழுதி, கற்பூரப் புகை, ஊதுபத்தி, வண்டிப் புகை எல்லாம் ஒரே காற்றில் சேர்கின்றன. 14 கிலோமீட்டர் சுற்றி முடித்தவர் மறுநாள் காலை மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கறுப்புக் கோடு விழும். படலம் தன் வேலையைச் செய்திருக்கிறது என்பதே அதற்குப் பொருள். ஓரிரு நாள் எரிச்சல் இருந்து அடங்கிவிட்டால் மருத்துவம் தேவையில்லை.

இரு பக்கமும் எரிந்தால்

பெரும்பாலான சாதாரணக் காரணங்கள் இரண்டு துவாரங்களையும் பாதிக்கும். சில வேளை அடைப்பு பக்கம் மாறி மாறி வரும். அதுவும் இயல்பே.

தும்மல் அடுக்கடுக்காக வந்து, கண்ணும் மேலண்ணமும் அரித்து, தெளிந்த நீர் வடிந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். படுக்கையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சி காரணமானால் தொல்லை ஆண்டு முழுதும் இருக்கும், விடியற்காலையில் மிகும். மகரந்தம் காரணமானால் பருவத்தோடு வந்து போகும். 1950-களில் புணேயில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியம் என்ற களைச்செடி, மழைக்குப் பின் காலி மனைகளிலும் சாலையோரங்களிலும் பூக்கிறது. சீமைக்கருவேல மகரந்தமும் ஒவ்வாமை தருவதே.

அரிப்பு இல்லாமல், குளிர்காற்றுக்கும் சாம்பிராணிக்கும் வாசனைத் திரவியத்துக்கும் மட்டும் மூக்கு ஒழுகினால் அது ஒவ்வாமை ஆகாது. மூக்கின் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் அளவுக்கு மீறித் துடிப்பதால் வருவது. காரக்குழம்பு சாப்பிடும்போது மூக்கு ஒழுகுவதும் இதே வகை.

ஏசி அறையில் படுப்பவருக்கு உட்தோல் உலர்ந்து, பொருக்கு கட்டி எரியும். பொருக்கை விரலால் பெயர்த்தால் மூக்குத் தண்டின் முன்பகுதியில் ரத்தம் கசியும். அப்போது தலையை அண்ணாந்து வைக்கக் கூடாது. முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கடைக்காரர் தரும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தும் ஒரு காரணம். ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகைச் சொட்டுகளை நாலைந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் அடைப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பும். அதற்கு மீண்டும் சொட்டு விடுவார்கள். மூக்குப்பொடியும் உட்தோலைத் தொடர்ந்து புண்படுத்துவதே.

ஒரு பக்கம் மட்டும் என்றால்

தொல்லை ஒரே துவாரத்தில் தங்கிவிட்டால் கணக்கு மாறுகிறது. மூக்குத் தண்டு வளைந்திருப்பது, சைனஸ் அழற்சி, மேல்பல் வேரின் சீழ் ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை.

சிறு குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால் உள்ளே மணியோ, புளியங்கொட்டையோ, பயறோ இருக்கக் கூடும். பொத்தான் வடிவ பேட்டரி என்றால் சில மணி நேரத்திலேயே அது மூக்குத் தண்டை அரித்துவிடும். அன்றே எடுத்தாக வேண்டும்.

குளமும் ஏரியும் நிறைந்த தமிழ்நாட்டுக்கு நெருக்கமான நோய் ஒன்றும் உண்டு. 1900-ல் அர்ஜென்டினாவில் கில்லர்மோ சீபர் விவரித்த ரைனோஸ்போரிடியோசிஸ், உலகில் அதிகம் காணப்படுவது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான். தேங்கிய குளத்து நீரில் குளிப்பவர்களிடம் இது மிகுதி. மூக்கினுள் சிவந்த சதை வளர்ந்து, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். தொட்டாலே ரத்தம் கசியும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. அறுவை செய்து அதன் அடிப்பகுதியைச் சுட்டு அகற்றுவதே வழி. அப்படியும் மீண்டும் வளரக் கூடும்.

பெரியவர்களுக்கு ஒரு பக்க அடைப்பும் அடிக்கடி ரத்தக் கசிவும் சேர்ந்தால் கட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மரத்தூளில் பல்லாண்டு வேலை செய்தவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்வது நல்லது.

வீட்டில் செய்யக்கூடியது

கிரிவலத்தில் முகக்கவசம் அணிந்து நடப்பது, திரும்பியதும் முகம் கழுவுவது, தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பது ஆகியவற்றால் பாதித் தொல்லை குறையும்.

யோகப் பயிற்சி மிகுந்த ஆசிரமப் பகுதியில், உப்பு நீரால் மூக்கைக் கழுவும் ஜலநேத்தி பழக்கமானது. கால் லிட்டர் நீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு போதும். நீர் மட்டும் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய் நீரையோ தீர்த்தக் குள நீரையோ மூக்கில் ஏற்றக் கூடாது. நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியே மூளைக்கு ஏறினால் பிழைப்பவர் மிகச் சிலரே. 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இதனால் இறந்தார்கள்.

கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடவக் கூடாது. கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். தூக்கம் தரும் ஒவ்வாமை மாத்திரை போட்டுக்கொண்டு ஆட்டோவோ பைக்கோ ஓட்டுவதும் ஆபத்து.

எப்போது மருத்துவரிடம்?

சாதாரண சளி ஏழு முதல் பத்து நாளில் தணியும். அதைத் தாண்டினாலும், தணிந்தது போல் இருந்து மறுபடி கூடினாலும், தூக்கம் கெட்டாலும், மூச்சில் விசில் சத்தம் சேர்ந்தாலும், மணம் மறைந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத் தொல்லை எதுவானாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது.

சில அறிகுறிகளுக்கு அன்றே போக வேண்டும்: கண் வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, கன்னம் மரத்துப்போவது, தலையில் அடிபட்ட பின் குனியும்போது ஒரு பக்கம் தெளிந்த நீர் சொட்டுவது, பத்து நிமிட அழுத்தத்தை இருமுறை செய்தும் நிற்காத ரத்தம். சர்க்கரை நோயாளிக்கு முகவலியுடன் மூக்கில் கறுத்த பொருக்கு தெரிந்தால் மணிக்கணக்கே முக்கியம். 2021-ல் நாடு அஞ்சிய கறுப்புப் பூஞ்சை அப்படித்தான் தொடங்கும்.

திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மருத்துவர் முதலில் விளக்கொளியிலும், தேவையானால் எண்டோஸ்கோப் குழாயாலும் உள்ளே பார்ப்பார். சந்தேகத்துக்கேற்பத் தோல் ஒவ்வாமைப் பரிசோதனையோ சிடி ஸ்கேனோ எழுதுவார். ஒவ்வாமைக்கு ஸ்பிரே கொடுத்தால் அதன் முனையை மூக்குத் தண்டை நோக்கிப் பிடிக்காமல் அதே பக்கக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கிப் பிடிக்க வேண்டும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

மருத்துவரிடம் போகும் முன் ஒரு வாரம் காலண்டர் தாளில் தேதி, நேரம், இடம், எந்தத் துவாரம் என்று குறித்து வைத்தால் போதும். பாதி நோயறிதல் அந்தத் தாளிலேயே முடிந்திருக்கும்.

(தொடரும்)