மெல்லிய முடிக்கு ஏற்ற பொமேடு எது?

கல்லூரி ஆண்டு மலரில் கம்பனைப் பற்றி எழுதலாம், கீன்ஸின் பொருளியலைப் பற்றி எழுதலாம். தலையில் தடவும் பொமேடைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் காலை எட்டரை மணிக்கு விடுதிக் கண்ணாடியின் முன் முட்டி மோதி நின்றவர்களுக்கு இது சின்ன விஷயமன்று என்பது தெரியும். பத்தொன்பது, இருபது வயதிலேயே நெற்றி மேலேறத் தொடங்கிவிட்ட நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வகுப்புப் புகைப்படம் எடுக்கும்போது அவர்கள் பின்வரிசைக்கு நழுவுகிறார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவதில்லை. மெஸ் கட்டணத்துக்காக வீட்டிலிருந்து வரும் பணத்தில் ஒரு பங்கு, டப்பாவாகவும் புட்டியாகவும் உருமாறிவிடுகிறது. வாங்கி வருவதும் பெரும்பாலும் தங்களுக்குப் பொருந்தாத டப்பாவைத்தான். அடர்ந்த, முரட்டு முடியை அடக்குவதற்கென்று செய்த பொருளை மெல்லிய முடியில் தடவினால், எதை மறைக்க நினைத்தோமோ அது முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். அதற்கான காரணத்தை இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே விளக்க முற்படுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "எனக்கு முடி மெல்லியது" என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒவ்வொரு மயிரிழையும் மெல்லியதாக இருப்பது ஒன்று; இழைகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பது மற்றொன்று. மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் இழைகள் உள்ளன. ஓர் இழையின் விட்டம் பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் 50 மைக்ரான். இழை மெல்லியதாயினும் எண்ணிக்கை மிகுந்திருந்தால் தலை நிறைவாகவே தோன்றும். ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கையிலோ இரண்டும் சேர்ந்து வருகின்றன. முடி ஒரே நாளில் உதிர்ந்து போய்விடுவதில்லை. ஒவ்வொரு முறை விழுந்து முளைக்கும்போதும் முன்னதைவிட மெல்லியதாக, குட்டையாக முளைக்கிறது. ஆண்மைச் சுரப்புக்கு இதில் பங்குண்டு என்பதை ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1942இல் காட்டினார். மாணவியரிடம் நெற்றி மேலேறுவதைவிட வகிடு அகன்றுகொண்டே போவதுதான் மிகுதி. கீழே சொல்லப்போகும் இயற்பியல் அவர்களுக்கும் பொதுவானதே.

நமது ஆய்வகத்தில், ஒரு முனையைப் பொருத்தி மறு முனையில் எடையைத் தொங்கவிட்டு யங் குணகம் காணும் சோதனையை எல்லாரும் செய்திருப்போம். தலைமுடியும் அத்தகைய ஒரு சட்டமே. வேர்ப்பக்கம் பொருத்தப்பட்டது, நுனி சுதந்திரமானது. வட்டமான சட்டம் வளையாமல் எதிர்த்து நிற்கும் திறன் அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்ப மாறும். எடையோ இரண்டாம் படிக்கு ஏற்ப மாறும். 80 மைக்ரான் இழையையும் 40 மைக்ரான் இழையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னதன் எடை நாலில் ஒன்று. எதிர்த்து நிற்கும் திறனோ பதினாறில் ஒன்று! ஆகவே மெல்லிய முடி தன் எடையைத் தாங்குவதற்கே திணறிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் மெழுகையும் கொழுப்பையும் ஏற்றினால் அது படுத்துவிடாமல் வேறென்ன செய்யும்?

இது பாதிக் கதை. ஓவியத் தூரிகையை நீரில் அமிழ்த்தினால் அதன் மயிர்கள் பிரிந்து மிதக்கும். வெளியே எடுத்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக் கூராகிவிடும். பரப்பு இழுவிசைக்குப் பள்ளியிலேயே சொல்லித் தந்த எடுத்துக்காட்டு இது. குளித்தவுடன் நம் தலையிலும் இதுவே நடக்கிறது. இழை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு எளிதாக வளைந்து பக்கத்து இழையோடு ஒட்டிக்கொள்கிறது. இருநூறு இழைகள் சேர்ந்து பத்துக் கற்றைகளாகிவிட்டால், கற்றைகளுக்கு இடையே தோல் வெளியே தெரியத்தானே செய்யும்! நீராக இருந்தால் அரை மணியில் உலர்ந்து இழைகள் பிரிந்துவிடும். எண்ணெயும் வாசலினும் உலர்வதில்லை; காலையில் ஒட்டியது மாலை வரை ஒட்டியபடியே இருக்கும். போதாக்குறைக்குத் தோலும் எண்ணெயில் மினுங்குவதால் வகுப்பறைக் குழல்விளக்கின் கீழ் அந்த இடைவெளிகள் பளிச்சென்று தெரியும்.

பழைய பொமேடுகள் எல்லாம் இந்த எண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்தவையே. "பொமேடு" என்ற சொல்லின் வேர் ஆப்பிளைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லில் இருக்கிறது. தொடக்க காலத்துக் களிம்பில் ஆப்பிளைச் சேர்த்தார்களாம். ஐரோப்பியர்கள் கரடிக் கொழுப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. மக்காசர் எண்ணெய் பூசிய தலைகள் சாய்ந்து சாய்ந்து நாற்காலிகள் கறைபட்டதால், சாய்மானத்தில் துணி விரிக்கும் வழக்கமே இங்கிலாந்தில் பிறந்தது. 1872இல் செஸ்ப்ரோ வாசலினுக்கு உரிமம் பெற்ற பிறகு, பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் களிம்பு மலிவாகக் கிடைத்தது. 1928இல் பர்மிங்காமில் பிரில்கிரீம் பிறந்தது. கனிம எண்ணெயையும் நீரையும் தேன்மெழுகின் துணையால் கலந்து செய்த பால்மம் அது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையினருக்கு "பிரில்கிரீம் பையன்கள்" என்றே பட்டப்பெயர் விழுந்தது. நம் தாத்தாக்களின் திருமணப் படங்களில் பார்க்கும் பளபளப்பான படிந்த தலைவாரல் அந்தக் காலத்து அழகு. நிறைய முடி இருந்தவர்களுக்கு அது பொருந்தியது. இல்லாதவர்கள் தொப்பி அணிந்தோ தலைப்பாகை கட்டியோ தப்பித்துக்கொண்டார்கள்.

இனிக் கடைக்குப் போவோம். மூடியில் எழுதியிருப்பதை நம்புவதைவிட, டப்பாவின் அடியில் எறும்பு ஊர்வதுபோல் அச்சிட்டிருக்கும் பட்டியலைப் படிப்பது மேல். சேர்மானங்களை அளவின் இறங்குவரிசையில் குறிப்பது வழக்கம். எனவே முதல் நான்கைந்து பெயர்களைப் பார்த்தாலே போதும். பெட்ரோலேட்டம், பாரஃபினம் லிக்விடம், லானோலின், தேன்மெழுகு ஆகியவை முன்னே நின்றால், அது எவ்வளவு மணமாக இருந்தாலும் மெல்லிய முடிக்கு உதவாது, அப்படியே வைத்துவிடுங்கள். "அக்வா" என்று தொடங்கினால் நீர். ஆயினும் அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது இடங்களில் மறுபடி பாரஃபினம் தலைகாட்டினால், அது நீர் கலந்த எண்ணெயே தவிர வேறன்று. நீர் ஆவியானதும் எண்ணெய் மட்டும் தலையில் தங்கும்.

நீருக்குப் பின் "பி.வி.பி." என்ற மூன்றெழுத்து வந்தால் கவனியுங்கள். பாலிவினைல் பைரோலிடோன் என்பது இதன் முழுப் பெயர். 1930களின் இறுதியில் ஜெர்மனியில் வால்ட்டர் ரெப்பேயின் ஆய்விலிருந்து வந்த செயற்கைப் பலபடி. போர்க்காலத்தில் இரத்தப் பிளாஸ்மாவுக்கு மாற்றாகக்கூடப் பயன்பட்ட இப்பொருள், பின்னர் தலைமுடிக்கு வந்து சேர்ந்தது. நீர் உலர்ந்ததும் இது இழையின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, அதிக எடை ஏற்றாமலேயே விறைப்பைத் தருகிறது. குறையும் உண்டு: காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மழைக்கால நாகப்பட்டினத்திலோ சென்னைக் கடற்கரையிலோ மதியத்துக்குள் பிசுபிசுத்துத் தளர்ந்துவிடும். "வி.பி./வி.ஏ. கோபாலிமர்" என்று இருந்தால் அது ஈரத்தை ஓரளவு தாங்கும். ஆனால் கெட்டியாக உறையும் ஜெல் வகையைத் தவிர்ப்பது நல்லது. அது இழைகளை முள் முள்ளாகச் சேர்த்து ஒட்டிவிடுவதால், எண்ணெய் செய்த அதே வேலையை வேறு வழியில் செய்கிறது.

என் கணிப்பில் நம் ஊர் மெல்லிய முடிக்கு மிகவும் ஏற்றது, கயோலின் அல்லது பெண்டோனைட் சேர்ந்த, பளபளப்பில்லாத வகைதான். கடைக்காரர்கள் "கிளே", "மேட்" என்பார்கள். இரண்டும் களிமண் இனங்களே. இவை தோலில் ஊறும் எண்ணெய்ப்பசையை உறிஞ்சிக்கொள்கின்றன. இழைகளின் மேல் ஒரு சொரசொரப்பை உண்டாக்குவதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் படியாமல் நிற்கின்றன. ஒளியும் கண்ணாடிபோல் திரும்பாமல் சிதறிப்போவதால் இடைவெளிகள் அமுங்கித் தெரிகின்றன. இதிலும் தேன்மெழுகு பட்டியலின் முன்பகுதியில் இல்லாததாகப் பாருங்கள். "வெட் லுக்", "ஹை ஷைன்" என்ற சொற்கள் உங்களுக்கானவை அல்ல. "எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்" என்பதும் வேண்டாம்; மெல்லிய இழைக்கு நடுத்தரப் பிடிப்பே போதும்.

கடையில் டப்பாவைத் திறந்து பார்க்க விடமாட்டார்கள். சலூனில் திறந்த டப்பா இருக்கும்; முடி வெட்டிக்கொள்ளும் அன்று அண்ணனிடம் கேட்டுக் கொஞ்சம் விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். பிறகு வெறும் தண்ணீரில் கழுவுங்கள். பிசுக்கு இல்லாமல் போய்விட்டால் அது நீரில் கரையும் வகை. நீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் அது எண்ணெய்க் குடும்பம்.

நல்ல பொருளாயினும் தடவத் தெரியாவிட்டால் பயனில்லை. பலர் ஈரத்தலையில், முன்நெற்றியில் கொத்தாக அப்பி, நெருக்கமான சீப்பால் வாரிவிடுகிறார்கள். தலையில் எங்கே முடி குறைவோ அங்கேயே எல்லாச் சுமையும் போய்ச் சேருகிறது. ஒரு துவரம்பருப்பு அளவு போதும். உள்ளங்கைகளில் தேய்த்து, பூச்சு கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு பின்னந்தலையில் தொடங்கி முன்னே வரவேண்டும். நெற்றி முடிக்குக் கையில் எஞ்சியது போதும். தோலில் படாமல் இழைகளில் மட்டும் பட வேண்டும். சீப்புக்குப் பதில் விரல்களே நல்லது. அதற்கு முன்பே பாதி வேலையை மேசை விசிறி செய்துவிடும். முடியிலுள்ள கெரட்டின் புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் நனைந்தால் பிரிந்து, உலரும்போது மீண்டும் சேருகின்றன. எந்த நிலையில் உலர்ந்ததோ அந்த நிலையை முடி பிடித்துக்கொள்ளும். தலையைக் குனிந்து, முடியை வேரிலிருந்து விரலால் தூக்கிவிட்டபடியே உலர்த்தினால், படுத்துக் கிடந்தது எழுந்து நிற்கும். அதன் பிறகு பூச்சு அதைக் காவல் காத்தால் போதும்.

"அப்படியானால் தேங்காய் எண்ணெயை விட்டுவிடுவதா?" என்று வீட்டில் கேட்பார்கள். விட வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயிலுள்ள லாரிக் அமிலம் இழைக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்பதையும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்பதையும் 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று காட்டியது. எனவே அது முடிக்குக் கவசம். ஆனால் 25 டிகிரியை எட்டும் முன்பே உருகிவிடும் பொருள் நம் வெயிலில் எப்போதும் திரவம்தான். தலையலங்காரத்துக்கு அது ஆகாது. முதல்நாள் இரவு தடவி, காலையில் தலைக்குக் குளித்துவிடுங்கள்.

நெற்றியோரத்தில் பொரிப்பொரியாகப் பருக்கள் வந்தால் முகத்துக்குக் களிம்பு தேடாமல் தலையில் தடவுவதைச் சந்தேகியுங்கள். கொழுப்புப் பொமேடுகளால் வரும் இத்தகைய பருக்களை 1970இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரிட்டு விவரித்தார்கள்.

கடைசியாக, பணத்தை அதிகம் விழுங்கும் விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பொமேடும் முடியை வளர்க்காது. அது உயிரற்ற இழையின் மேல் இருக்கிறது. வளர்ச்சி நடப்பதோ தோலுக்கு அடியில். நம் நாட்டில் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் "ஜே" அட்டவணை என்று ஒன்று உண்டு. தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ மருந்துகள்கூடச் சொல்லிக்கொள்ளக் கூடாத நிலைகளை அது பட்டியலிடுகிறது. வழுக்கையும் புதுமுடி வளர்த்தலும் அதில் இடம்பெற்றுள்ளன. இரத்த அழுத்தத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டு, 1988இல் அமெரிக்காவில் தலையில் தடவ அனுமதிக்கப்பட்ட மினாக்சிடிலும், 1997இல் அனுமதி பெற்ற ஃபினாஸ்டரைடு மாத்திரையும் பலருக்கு ஓரளவு பயன் தருகின்றன. நிறுத்தினால் பயனும் நின்றுவிடும். பக்கவிளைவுகளும் உள்ளதால் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. டைஃபாய்டோ டெங்குவோ வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் அஞ்ச வேண்டாம். அது பெரும்பாலும் தானே திரும்ப வளரும். வட்டமாக ஓரிடத்தில் மட்டும் கொட்டினால் அது புழுவெட்டு. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும்கூட முடியைக் கொட்டச் செய்யும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ஒரு டப்பா வாங்கும் பணத்தைப் பேருந்துக் கட்டணமாக்கி ஒருமுறை அங்கே போய் வரலாம்.

முடி வெட்டும்போது மேலே இரண்டு விரல் உயரத்துக்கு மேல் விடவேண்டாம். பக்கங்களை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். பக்கம் குறைந்தால் உச்சி நிறைந்து தோன்றும். குட்டை முடியைத் தாங்கும் சுமையும் குறைவு. ஒரு பக்கத்து முடியை நீளமாக வளர்த்து மறுபக்கத்துக்கு இழுத்துப் போர்த்துவதை எந்தப் பொமேடாலும் காப்பாற்ற முடியாது. நம் ஊர்ப் பேருந்தின் ஜன்னலோர இருக்கை ஒன்றே அதற்குப் போதும். நாளைக்கு அரை கிராம் என்று கணக்கிட்டால், 50 கிராம் டப்பா 100 நாள், அதாவது ஏறக்குறைய ஒரு பருவம் முழுவதும் வரும்.